கொல்லந்தோப்பு நிலைய வரலாறு

முதல் வரியிலேயே தப்பு.

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

தரைக்குக் கீழே எழுபது அடி. ஏசி குளிர். கொல்லந்தோப்பு மெட்ரோ நிலையத்தின் சுவரில் அதன் வரலாற்றை எழுதப் போகிறார்கள். அதற்குமுன் பிழை பார்த்துத் தரச் சொல்லி, மக்கள் தொடர்பு அதிகாரி ஹெப்சிபா தாள்களை அவரிடம் கொடுத்திருந்தாள். குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர். இருபத்தாறு வருடமாக, நிலையத்துக்கு மேலே இருக்கும் தெருவிலேயே வீடு. அவரைவிட்டால் வேறு யார்?

'இங்கே ஒரு குளம் இருந்தது.'

குளமாம். கொசு வளர்த்த குட்டை. அடித்தார்.

நில அளவை தொடங்கிய வருடம் தப்பு. அடித்தார். சுரங்க இயந்திரத்துக்குத் தேங்காய் உடைத்த அதிகாரியின் இனிஷியல் தப்பு. இதுகளெல்லாம் எங்கே படித்ததுகளோ என்று அவள் காதுபடவே முனகியபடி அடித்தார்.

ஹெப்சிபா சிரித்து வைத்தாள்.

மூன்றாவது தாள்.

'தொழிலாளி ஒருவரின் கவனக்குறைவால் இயந்திரம் பழுதாகி, பணி நாற்பது நாள் தாமதமானது.'

பேனா நின்றது.

அந்தத் தொழிலாளி புத்ராம் முண்டா. ஜார்கண்ட். வயது இருபத்தெட்டு. இயந்திரம் பூமிக்கடியில் சிக்கி நின்றபோது, முகப்பில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கப் போனவன். மண் சரிந்தது. பிணமாகத்தான் வந்தான்.

அடைத்திருந்தது ஓர் இரும்புக் குழாய்.

இவர் வீட்டு போர்வெல் குழாய்.

தோண்டும் முன் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், போர் இருக்கிறதா என்று. இருந்தால் அடைத்துவிடுவார்கள். தெருவே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற கோடை அது. இவர் போரின் வாய்மேல் டைல்ஸ் ஒட்டி, டைல்ஸ்மேல் காரை நிறுத்தி, 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே சங்கக் கூட்டத்தில், சர்வேக்கு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று அரைமணி நேரம் முழங்கினார்.

புத்ராம் செத்த அன்று காலை இவர் வீட்டு மோட்டார் தண்ணீருக்குப் பதில், சுரங்க இயந்திரம் மண்ணை இளக்கப் பீச்சும் நுரையைக் கக்கியது. ஒப்பந்தக் கம்பெனி எஞ்சினியர் ஒருத்தர் வந்தார். டைல்ஸைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். போய்விட்டார்.

கம்பெனிக்கும் அந்தக் குழாய் வேண்டாம். வெளியே வந்தால் அவர்கள் சர்வேயே சிரிப்பாய்ச் சிரித்துவிடும். துண்டுகள் பழைய இரும்போடு போயின. மிச்சம், செத்தவன் மட்டும்தான். பழியை அவன்மேல் எழுதிவிட்டார்கள்.

ஹெப்சிபா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், அந்த வரியை மட்டும் நல்லாப் பாருங்க. அந்தத் தொழிலாளியோட சம்சாரம் மாசாமாசம் போன் பண்றாங்க. சுவத்துல மட்டும் அப்படி எழுதாதீங்கன்னு அழறாங்க. தப்புன்னு நீங்க ஒரு கோடு போட்டாப் போதும் சார், மேல பேசி எடுத்துடுவேன்."

கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் ஒரு ரயில் வந்து நின்றது. போனது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். வரியை இன்னொரு தடவை படித்தார்.

பேனாவை அந்த வரியின்மேல் வைத்தார்.

'நாற்பது' அடிபட்டது. அதன்மேல், முத்து முத்தான எழுத்தில், 'நாற்பத்திரண்டு'.

"வரலாறுன்னா கரெக்டா இருக்கணும்மா," என்றார்.

அடுத்த தாளைப் புரட்டினார்.