பதின்மூன்றாவது படகு

திருவேட்டக்குடியில் அன்றன்று கரைசேரும் படகுகளைப் பட்டியலிட, கல்லூரி மாணவி தாமரைச்செல்வி சி மொழியில் புரோகிராம் எழுதினாள். படகுக்காரர் பெயரையும் கரைசேரும் நேரத்தையும் ‘படகு’ என்ற ஸ்ட்ரக்சரில் ஒன்றாகத் தொகுத்தாள். கடலுக்குப் போன அவள் அப்பா உத்திராபதி ஒன்பது நாளாகத் திரும்பவில்லை.

“படகு என்ற ஸ்ட்ரக்சர் இந்த ஃபங்ஷனுக்கு வெளியே தெரியாது” என்று புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் எச்சரித்துக்கொண்டே இருந்தது.

தோழி நௌஷின் எட்டிப் பார்த்தாள். “அடைப்புக்குறிக்குள்ளயே டிக்ளேர் பண்ணுனா அங்கயே முடிஞ்சிடும்டி. வெளிய எடுத்து, ஃபங்ஷனுக்கு மேல எழுது.”

எழுதியதும் எச்சரிக்கை நின்றது. தாமரைச்செல்வி பதிந்தவை பன்னிரண்டு படகுகள். திரையில் பதின்மூன்று வந்தன. கடைசியில் இருந்தது உத்திராபதி, மாலை 4.10.

“நீ போட்டியா?” என்று நௌஷின் கேட்டாள்.

“இல்லடி.”

அப்போது மணி மூன்று ஐம்பது. இருவரும் கரைக்கு ஓடினார்கள். கடல் வெறுமையாக இருந்தது. ஆனாலும் தாமரைச்செல்வி தெருவைப் பார்த்துக் கத்தினாள். “அம்மா, ஓடியாங்க! அப்பா வந்துட்டாரு!”

நான்கு பத்துக்குப் படகு மணலைத் தொட்டு நின்றது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. உத்திராபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஆர்ப்பரித்தது.