டெம்ப்ளேட் மாப்பிள்ளை

ஆபீஸ் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் கைப்பேசி 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவர் சட்டையை மறந்தார், அதன்மேல் வைத்த இஸ்திரிப் பெட்டியையும் மறந்தார்.

'வாழ்த்துகள்! புதிய வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்திருக்கிறார்.'

"ஏய், இங்க ஓடி வாயேன்! ஒண்ணு வித்துடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தினார்.

"கையில வேலையா இருக்கேங்க, வரேன்" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. தன் தையல்கடைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று காலையிலேயே அவருடைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

நல்ல வேலையை உதறிவிட்டு ஆறு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பதால், மாமனார் வீட்டில் அவருக்கு 'டெம்ப்ளேட் மாப்பிள்ளை' என்று பெயர். அவர் விற்பதும் அதைத்தான். மாதச் சந்தாவில் இணையதளம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு அஸ்திவாரம் போட்ட நிரல். கடவுச்சொல் கேட்கும் பக்கம், பணம் வாங்கும் பக்கம், ஆள் சேர்ந்தால் முதலாளிக்குப் போகும் மெயில் என்று எல்லாம் தயாராக இருக்கும். வாங்குகிறவர் தன் பெயர்ப்பலகையை மாட்டிக் கடையைத் திறந்துவிடலாம்.

தன் விற்பனைத் தளத்தையும் அதே டெம்ப்ளேட்டில்தான் கட்டியிருந்தார். கூடவே பன்னிரண்டு பக்கத்துக்குக் கையேடு வேறு. சோதனைக்காகப் போட்ட தன் மெயில் முகவரி உள்ளே இருக்கிறது, வாங்கியதும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதைக்கூட ஏழாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அவ்வளவு பொறுப்பாக இருந்தும் இதுவரை விற்றது ஒன்றே ஒன்று. போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் வாங்கினார், ஒரு சந்தேகம் கேட்டுக்கூட எழுதவில்லை.

பழைய மேனேஜர் நேற்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தாம்பா உன் சீட்டைப் பிடிச்சு வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது." சட்டைக்கு இஸ்திரி அதற்குத்தான். காலையில் அந்தச் சட்டையைத் துணிப்பெட்டியிலிருந்து எடுத்தபோது மாப்பிள்ளைக்கு அழுகையே வந்தது.

டிங். டிங். அடுத்த நிமிடம் இன்னொரு டிங்.

பத்தாவது 'டிங்'குக்கு நாற்காலியைச் சுற்றி ஆடினார். பதினைந்தாவதுக்குத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார். கருகல் வாடை வந்த பிறகுதான் சட்டை நினைவு வந்தது. காலரில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. "போய்த் தொலை, இனிமே நீ எதுக்கு?" என்று சட்டையைக் கொஞ்சிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

விற்பனைக் கணக்கை ஒருமுறை கண்ணாரப் பார்க்க ஆசை. உள்ளறைக் கதவைத் தட்டினார். "இன்னும் அரை மணி நேரம் அந்தப் பக்கம் வராதீங்க!" என்று பதில் வந்தது. அவள் குரலிலும் ஏனோ ஒரே குஷி. சரி, நம் சத்தம் அவளையும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து, மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, உங்க டெம்ப்ளேட் மாப்பிள்ளை பேசறேன். சும்மாதான், சௌக்கியமான்னு கேட்கலாம்னு."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜரே கூப்பிட்டார்.

"சார், நான் வரலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. வேற ஆளு எதிர்லயே உட்கார்ந்திருக்கான்."

"அவனையே சேர்த்துக்குங்க சார். காலையில இருந்து முப்பது பேர் வாங்கிட்டாங்க! இதே மாதிரி போச்சுன்னா உங்களுக்கே நான் ஒரு சீட்டுப் போட்டுத் தரேன்!"

"நல்லா இருப்பா" என்று மேனேஜர் வைத்துவிட்டார். வேலை போனதே என்ற எண்ணம் மருந்துக்குக்கூட வரவில்லை, மாப்பிள்ளை தரையில் கால் பாவாமல் நின்றார்.

டிங்.

அதே நேரம் உள்ளறைக் கதவு திறந்தது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக மனைவி வந்தாள்.

"முப்பத்தொண்ணு!" என்று கூவினார் மாப்பிள்ளை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமாவா? ஒவ்வொருத்தர் சேரும்போதும் எனக்கு மெயில் வருதே!"

"உங்களுக்கா வருது? எனக்கு ஒண்ணுகூட வரலையேன்னு கேட்கத்தாங்க வந்தேன்" என்றபடி அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "போன வாரம் உங்க டெம்ப்ளேட்டை வாங்கினது நான்தான். காலையில என் தையல் வகுப்பை அதுலதான் திறந்தேன், அதுக்குள்ள முப்பத்தொரு பேர் சேர்ந்துட்டாங்க!"