மிதக்கும் கட்டில்

அறையில் இருந்தவர்கள்: ஆய்வு நடத்தும் டாக்டர், நர்ஸ், என் மனைவி.

கட்டிலில் நானும் இருந்தேன். பக்கவாதம் வந்து நாக்கும் கையும் சொன்னபடி கேட்காததால் என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மூக்கில் செருகிய குழாய் வழியாக, கஞ்சி மாதிரி ஒன்று வயிற்றுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இப்படி மெதுவாக ஊட்டினால் சர்க்கரை ஏறாமல் நிற்குமா என்பதுதான் ஆய்வு. விரலில் குத்திப் பார்ப்பார்கள். எண் ஏறினால் நரம்பில் போகும் இன்சுலினைக் கூட்டுவார்கள்.

என் எண் நல்ல பிள்ளை. மனைவி வரும் மதிய நேரத்தில் மட்டும் எகிறும்.

"பொண்டாட்டியப் பார்த்தா எல்லாருக்கும் பிபி ஏறும். உங்க வீட்டுக்காரருக்கு சுகர் ஏறுதும்மா" என்று நர்ஸ் சிரிப்பாள்.

மனைவி ஆரஞ்சு கொண்டுவருவாள். எனக்கு வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கூடாது. அதனால் ஒரு சுளையை என் விரல்நுனியில் பிதுக்கி, அந்த விரலை என் மூக்கடியில் பிடிப்பாள். வாசனையாவது கிடைக்கட்டுமே என்று. மீதியை அவள் தின்பாள். மதியச் சாப்பாடே அவளுக்கு அதுதான்.

அவள் போன பிறகு கட்டில் தரையை விட்டுக் கிளம்பும். ஜன்னல் திரை மீன்வாலாக அசையும். சுவர் கலங்கி, தண்ணீராகி, என்னைச் சுமந்துகொண்டு போகும்.

அவள் வந்துபோன சுகம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில்கூட இப்படி மிதந்ததில்லை.

இன்று டாக்டரே ஊசியை எடுத்தார். சாறு பட்ட அதே விரல். பஞ்சால் ஒரு தொடல், ஒரு குத்து.

எண்ணைப் பார்த்தார். இன்சுலினை நன்றாகவே கூட்டினார்.

"ஒளிச்சு ஊட்டுறீங்களா?"

"சத்தியமா வாயில ஒண்ணும் வைக்கலீங்க சார்."

"அப்ப சுகர் என்ன காத்துலயா வந்துச்சு?"

காற்றில் வரவில்லை. ரத்தத்திலும் இல்லை. என் விரல் தோலில் இருந்தது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் புரட்டினேன். வெறும் காற்றுதான் வந்தது.

டாக்டர் திட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் திரைக்கு வால் முளைத்துவிட்டது. கட்டில் கிளம்பியது. நெற்றியில் சில்லென்று வேர்வை பூத்தது. இதமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

வீட்டில் எனக்கு இப்படி வேர்த்தால் அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

இப்போதும் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அய்யோ, அவருக்கு வேர்க்குதுங்க! சுகர் இறங்குதுங்க!"

கையில் கிடைத்த சுளையோடு என் வாயை நோக்கிப் பாய்ந்தாள்.

டாக்டர் என் நெற்றியைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சுளையைப் பார்த்தார்.

"பாத்தியா, கையும் களவுமா" என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் அவளைத் தோளோடு அணைத்து வெளியே கொண்டுபோய் விட்டாள். சிரிக்கவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.