கடித்து அறுத்த நார்

முகர்வான் பொய் சொல்லாது என்பது ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கொலை நடந்த அறையில் அந்தப் பெட்டியை வைத்தால் போதும், அங்கே கிடக்கும் தூசியையும் துளி ஈரத்தையும் முகர்ந்து, செத்தவரையும் போலீஸையும் தள்ளிவிட்டு, யாருடையது என்று பெயரைச் சொல்லிவிடும். அப்புறம் வக்கீலும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. அன்று சாயந்தரமே தண்டனை.

தனிக்கட்டை வாத்தியார் ஒருவர் செத்துக் கிடந்த அறையில் இன்று அது சொன்ன பெயர், பூக்காரி பேச்சியம்மா.

ஸ்டேஷன் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். "அந்த வீட்டு வாசப்படிகூட மிதிச்சதில்ல தாயீ. பொம்பளை இல்லாத வீட்ல பூக்காரிக்கு என்ன வேலை?"

"அப்ப உன் எச்சில் பொணத்துமேல எப்படி வந்துச்சு?" என்றாள் எஸ்.ஐ. சுபாஷிணி.

எச்சிலா! முழம் போட்டதும் நாரைப் பல்லால் கடித்து அறுப்பது பேச்சியம்மாவின் வழக்கம். ஆனால் அவள் கட்டிய பூ அந்த வீட்டுக்குள் எப்படிப் போயிருக்கும்?

சுபாஷிணி தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். தொப்பிக்குக் கீழே, கொண்டையில் மல்லிகைச் சரம். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று காலையில் பேச்சியம்மாவிடம்தான் வாங்கி வைத்திருந்தாள்.

"தாயீ! பொணத்தைக் குனிஞ்சு பார்த்தது நீங்கதானே? இந்தப் பூவோடதானே போனீங்க?"

சுபாஷிணியின் கை மெல்லக் கொண்டைக்குப் போனது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சரத்தை உருவிக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தாள். அறையெல்லாம் மல்லிகை மணத்தது.

"எந்தப் பூ?" என்றாள்.