குச்சிக்குத் துணை

குச்சியின் நாற்காலி காலியாக இருந்தது. பயல் மறுபடி மாத்திரையில் கைவைத்துவிட்டான் என்று சுருட்டை அந்தக் கணமே முடிவு கட்டிவிட்டான்.

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறையில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். எல்லாரும் பள்ளிக்கூட வயசுக்காரர்கள். ஒருவன் குடியை விட்டுக்கொண்டிருந்தான், ஒருத்தி இருமல் மருந்தை. பெரியவர்கள் யாரும் வந்து புத்தி சொல்வதில்லை. பேசுவதும் கேட்பதும் அவர்களேதான். ஆளுக்கொரு ஜோடி உண்டு; சுருட்டைக்குக் குச்சி. ஜோடி வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"போய்ப் பார்த்துட்டு வாடா," என்றாள் இருமல் மருந்துக்காரி. சுருட்டைக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்தான்.

பந்து விளையாடப்போய் முட்டி விலகியபோது வலிக்கென்று கொடுத்த மாத்திரைதான் சுருட்டையைப் பிடித்துக்கொண்டது. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தவனைக் கழிப்பறை வரைக்கும் பின்தொடர்ந்து வந்து கையும் களவுமாகப் பிடித்தவன், பக்கத்தில் உட்காரும் குச்சி. ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். யாரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை.

"நானும்தான்டா போடுறேன். விடணும்னு பார்க்கிறேன், தனியா முடியல. நீ வந்தா நானும் வரேன்," என்றான்.

அன்றைக்கு ஏறிய பாரம் இன்னும் சுருட்டையின் தலையைவிட்டு இறங்கவில்லை. விட்டொழிக்க வேண்டும் என்று அவனுக்கு அப்படியொன்றும் ஆசை இல்லை. நம்மை நம்பி ஒருத்தன் இருக்கிறானே என்றுதான் ராப்பகலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வட்டத்தில் குச்சி ஒருநாளும் முதலில் வாயைத் திறக்கமாட்டான். சுருட்டை பேசி முடித்தபிறகுதான் பேசுவான். தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரைகளை ஒரே மடக்கில் முழுங்குவேன் என்று இவன் சொன்னால், நானும் அப்படித்தான் என்பான். தோலுக்கடியில் எறும்பு ஊருகிறது, பொட்டுத் தூக்கம் இல்லை என்று இவன் சொன்னால், எனக்கும் அதேதான் என்பான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உடம்பா என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள்.

வழியில், அவன் முன்பு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த மருந்துக்கடை இருந்தது. டாக்டர் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற புண்ணியவான், விட்டுப்போன வாடிக்கை திரும்பி வருகிறது என்ற சந்தோஷத்தில் இவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சுருட்டை நின்றான். நல்ல பிள்ளையாக இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தது. குச்சியே விழுந்துவிட்டான் என்றால் தான் மட்டும் யாருக்காக இந்தப் பாடு படுவது?

போய்ப் பார்ப்போம், அவன் போட்டிருந்தால் திரும்புகிற வழியில் நானும் இங்கேதான் என்று தீர்மானித்துக்கொண்டு நடந்தான். அவன் போட்டிருக்கட்டும் என்றுகூடப் பாதி மனசு வேண்டிக்கொண்டது.

குச்சியின் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலில், போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. கூப்பிட்டதற்கு என்னவோ முனகினான், கண்ணைத் திறக்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டு. அதில் வெள்ளையாகத் தூள். டம்ளரை வைத்து மாத்திரையை நசுக்கியிருப்பது பார்த்ததுமே தெரிந்தது.

முழுங்கினால் போதை ஏற நேரமாகிறது என்று பொடித்துப் போடுகிற கட்டத்துக்குப் போனவர்களை மீட்பது பெரும்பாடு என்று வட்டத்தில் சொல்லிச் சுருட்டை கேட்டிருக்கிறான். அவனுக்கே அந்த அளவுக்கு முற்றவில்லை. கடை, தீர்மானம், அலுப்பு எல்லாம் மறந்துபோய், இவன் செத்துவிடக்கூடாதே என்ற பயம் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

சமையலறையிலிருந்து குச்சியின் அக்கா வந்தாள். தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் எல்லாம் அவள்தான். லாண்டரியில் நாளெல்லாம் இஸ்திரி போடுகிறவள். சரியாகத் தூங்கிப் பல நாளான மாதிரி கண்கள் உள்ளே போயிருந்தன.

வட்டத்தில் பேசியதை வீட்டில் சொல்லக்கூடாது என்பதும் அங்கே சட்டம்தான். சுருட்டை அதை மீறினான். மாத்திரை, மாடி அறை, ஜோடி என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான்.

"அவன் என்னை நம்பித்தான்க்கா இருந்தான். நான் சரியா பார்த்துக்கல. அவனைத் திட்டாதீங்க, வாங்க, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடலாம்," என்றபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சனிக்கிழமை ட்யூஷன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போய்க்கொண்டிருந்தானா என்று கேட்டாள். சுருட்டை தலையை ஆட்டினான்.

அவள் தட்டை எடுத்து, அந்தத் தூளில் தேன் விட்டு விரலால் குழைத்தாள். தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது காய்ச்சல் மாத்திரைப்பா. முழு மாத்திரை இவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தொண்டையில இறங்கினதே இல்ல."