ஆறாவது பாடம்

"ஒரு ஸ்டார் போட்டிருக்காங்கடி. பதினொரு மணிக்கு ஆள் வர்றாங்க, இன்னைக்குன்னு பாத்து ஒரே ஒரு ஸ்டார்."

முதலாளி போனைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில், இருநூற்றுச் சொச்சம் பாராட்டுகளுக்கும் மேலே, முதல் ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது அந்தப் புகார்.

'கண்ணாடி இடது கீழ் மூலையில் விரிசல் விட்டு வந்தது. மூலைக்குப் பஞ்சு இல்லை. பழைய பேப்பரைச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி கட்டியவருக்குக் கை இருக்கிறதா என்றே சந்தேகம்.'

எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது.

மணி பத்தேகால். மரச்சட்டம் போட்ட கண்ணாடிகள் செய்து அனுப்பும், ஆறே பேர் கொண்ட கம்பெனி அது. வரப்போவது ஒரு ஹோட்டல் மேனேஜர். அறைக்கு ஒன்றாக எண்பது கண்ணாடி வேண்டுமாம். அந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எந்த ஆர்டர்னு முதல்ல கேளுக்கா," என்றாள் தங்கை. "நம்பர் இல்ல, பேர் இல்ல."

"கேக்கக் கூடாது. அஞ்சாவது பாடத்துல என்ன படிச்சோம்? கோவமா இருக்கிறவங்களைக் கேள்வி கேட்டா கோவம் கூடும். முதல்ல மன்னிப்பு. அப்புறம் வேற பொருள். அப்புறம் என்ன நடவடிக்கை எடுத்தோம்னு பட்டுனு சொல்லணும்."

சிறு நிறுவனங்களுக்கான அந்த ஆன்லைன் வகுப்பில் ஆறு பேரையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஆறாவது பாடத்தைத் திறந்து பார்க்க அவளுக்கே நேரம் கிடைக்கவில்லை. மற்றவர்களை 'முடிச்சாச்சா, முடிச்சாச்சா' என்று விரட்ட மட்டும் நேரம் இருந்தது.

மன்னிப்பை எழுதினாள். வேறு கண்ணாடி இலவசம் என்றாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறகு ஒரே மூச்சில் தட்டினாள்: 'பெட்டி கட்டியவரை இன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.'

"அக்கா, பஞ்சு அண்ணனையா?"

"வேற என்ன எழுதச் சொல்ற? 'கவனிக்கிறோம்'னு எழுதினா எவன் நம்புவான்?"

"சரி, சும்மா எழுதிட்டு விட்டுடு."

"மேனேஜர் பட்டறையைச் சுத்திப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. அங்க அவர் நின்னு கட்டிக்கிட்டு இருந்தா என் மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

அவள் பதிலைப் பதிவிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

பஞ்சு அண்ணன் ஒரு பெட்டியின் மேல் குனிந்திருந்தார். நாலு மூலைக்கும் பஞ்சு வைக்காமல் பெட்டியை மூடாத மனிதர் என்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்த மேசைதான் அவருக்கு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர், இருந்தாலும் முதலாளி என்பதால் அவளை அக்கா என்பார். அவளும் அவரை அண்ணே என்பாள். வயதுக் கணக்கு அங்கே எடுபடாது.

"அண்ணே, ஒரு கண்ணாடி உடைஞ்சு போயிருக்கு. புகார் வந்திருக்கு."

அவர் நிமிர்ந்தார். "நான் கட்டினதா?"

"வேற யாரு கட்டுறா இங்க?"

"எந்த மூலையில உடைஞ்சிருக்காம்?"

"எந்த மூலையா இருந்தா என்னண்ணே? ஊரே பாத்து சிரிக்குது." குரல் தடித்துவிட்டது. தணிக்க நேரமில்லை. "நாளையிலேர்ந்து வர வேண்டாம். இல்ல, இப்பவே கிளம்பிடுங்க. பின்வாசல் வழியா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கத்தியை மடக்கி மேசைமேல் வைத்தார்.

"நாலு பெட்டி பாக்கி இருக்குக்கா. பஞ்சு வச்சுட்டேன், டேப் மட்டும் ஒட்டணும்." செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "அந்த ஆறாவது பாடம்... ரெண்டு நாளா திட்டினீங்களே. முடிச்சு அனுப்பிட்டேன். போன்ல சின்ன எழுத்து சரியாத் தெரியல. தப்பு இருந்தா தங்கச்சியைத் திருத்தச் சொல்லுங்க."

கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எதையும் பதமாகச் சாத்தியே பழகிய கை.

மேனேஜர் சரியான நேரத்துக்கு வந்தார். உட்காரும் முன்பே போனை எடுத்துப் புகாரைப் படித்தார், பதிலைப் படித்தார். 

"புகார் எல்லாருக்கும் வரும்மா," என்றார் அவர். "இவ்வளவு சீக்கிரமா நடவடிக்கை எடுத்த கம்பெனியை நான் பாத்ததில்ல. எண்பதும் உங்களுக்குத்தான்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது.

"பாத்தியா, படிச்சது வீண் போகலடி. வகுப்புலேர்ந்து பஞ்சு அண்ணன் பேரை எடுத்துடு."

தங்கை கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தைத் திறந்தாள்.  நாற்காலியை நகர்த்தி அக்காவுக்கு இடம் விட்டாள்.

ஆறாவது பாடம், பயிற்சி ஒன்று: 'உங்கள் நிறுவனத்துக்கு வரவே கூடாத ஒரு புகாரை, வாடிக்கையாளரின் இடத்திலிருந்து எழுதுங்கள்.'

விடைக்கான கட்டத்தில், 'இந்தக் கட்டத்தில் நீளமாக எழுதினால் போனில் சரியாகத் தெரியவில்லை. நம் கம்பெனி பக்கத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்' என்று இருந்தது. கீழே படம். இடது கீழ் மூலை, பழைய பேப்பர், ஒரே ஒரு ஸ்டார்.

 அக்கா குனிந்து அடுத்த வரியைப் படித்தாள்.

பயிற்சி இரண்டு: 'இப்படி ஒரு புகார் வராமலிருக்க உங்கள் நிறுவனத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது?'

பஞ்சு அண்ணன் இரண்டே சொல்லில் பதில் எழுதியிருந்தார்: 'நான் இருக்கிறேன்.'