அலை விடாத பெட்டி

திரையில் அலையை அளந்து காட்டும் கோடு அசையவே இல்லை.

அலை புகாத சோதனைக் கூடத்துக்குள் பெட்டி இருந்தபோதும் அதே கோடு. வெளியே எடுத்த பிறகும் அதே கோடு. சோதனைப் பொறியாளர் ஸ்வென்யா கேலர் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பாத்தீங்களா, என்ன ஒரு அமைதி" என்றார் டாக்டர் எகோன் ப்ராய்னிங்.

எதில் டாக்டர் என்று ஜெர்மனியின் அந்த ராய்ட்லிங்கன் நகரில் யாரும் கேட்டதில்லை. வீட்டு அழைப்புமணிக்குக் கீழேயே அப்படிப் பொறித்திருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

பெட்டி அவருடைய கண்டுபிடிப்பு. வால்நட் மரம், உள்ளே செப்பு வளையமும் படிகக்கல் தூளும். தலைமாட்டில் வைத்துப் படுத்தால் கைபேசி, வைஃபை, பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் என்று எந்த அலையும் அண்டாதாம். மருந்துக்கடைக்காரர்கள் வாங்கத் தயார், ஐரோப்பியச் சட்டப்படி தேறியதற்கான சி.ஈ. முத்திரை இருந்தால். இல்லாவிட்டால் அவர் தன் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஹெர் டாக்டர், முத்திரை போட முடியாது."

"ஏன், பாஸ்தானே?"

"பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. ஒரு மின்சாதனம் இன்னொண்ணத் தொந்தரவு பண்ணக் கூடாது, அதுதான் சட்டம். இது எதையுமே பண்ணலையே. சட்டத்துக்குள்ளயே வரல. வராததுல முத்திரை குத்தினா அதுதான் குற்றம்."

அவர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஸ்வென்யா காத்திருந்தாள். இந்த இடத்தில் சிலர் கத்துவார்கள். சிலர் குரலைத் தாழ்த்திப் பேரம் பேசுவார்கள்.

"அப்ப, கொஞ்சமாவது தொந்தரவு பண்ணணும்."

"அளவுக்குள்ள பண்ணலாம்."

"உள்ள ஒரு மின்சில்லு, ஒரு சின்ன விளக்கு மினுக்கு மினுக்குன்னு?"

"வெச்சா சட்டத்துக்குள்ள வந்துரும். சோதிச்சுட்டு முத்திரை போட்டுக்கலாம். ஆனா அலையைத் தடுக்கிற பெட்டியே அலை விடுமே, ஹெர் டாக்டர். ராத்திரி பூரா, தலைமாட்டுல."

சிரிப்பை உதட்டோரம் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"விட்டா என்ன, ஃப்ராவ் கேலர்? பக்கத்துலயே பெட்டி இருக்குல்ல."

அவர் சிரிப்பாரென்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

மேசையில் அவளுடைய கைபேசி அடித்தது. எடுக்கக் குனிந்தாள்.

அவர் பதறவில்லை. கைபேசிக்கும் அவள் முகத்துக்கும் நடுவே, மெதுவாக, பெட்டியைப் பிடித்தார்.